வெள்ளிக்கிழமை மூன்று மணி

அர்லீதாவுக்கு இசை கேட்கும் காது கிடையாது என்பது அவளுடைய பதினைந்தாவது வயதிலேயே முடிவாகிவிட்ட விஷயம். முடிவு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய அண்ணன் வெண்டல். மற்றவன் வெண்டலின் சிநேகிதன் மார்செல்லஸ் டூலி. பின்னாளில் அவளையே கட்டிக்கொண்டு, அந்தத் தீர்ப்பை ஆயுள் முழுக்க அமலில் வைக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டவன் இவன்தான்.

அது 1963. பிட்ஸ்பர்க்கில் ஹோம்வுட் பக்கம் அவர்கள் வீடு. கார் கழுவிச் சேர்த்த காசில் வெண்டல் ஒரு சனிக்கிழமை அடகுக் கடைக்குப் போய், கைப்பிடி வைத்த பழைய ரெக்கார்டு பெட்டி ஒன்றையும், அதன் மேல் கிடந்த ஒரே ஒரு இசைத்தட்டையும் வாங்கி வந்தான். அட்டையில் ஒல்லியான ஒரு கறுப்பு மனிதர், கையில் சாக்ஸபோன், கண்கள் மூடியிருந்தன. பெயர் க்ளீவன் ராஸ்பெரி. தட்டின் பெயர் ‘வெள்ளிக்கிழமை மூன்று மணி’.

இரண்டு பேரும் மாடியறைத் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். முள்ளை வைத்ததும் பெட்டியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. கனமான, தடித்த, மெதுவான முனகல். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போவதற்குள் ஒரு கிழவர் படியேறி இறங்கிவிடலாம். அர்லீதா தட்டில் ரொட்டியும் பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது இருவரும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருக்குடா வயித்து வலி?” என்றாள்.

மார்செல்லஸ் அவளை நிதானமாகத் திரும்பிப் பார்த்தான். “வெள்ளிக்கிழமை மூணு மணின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“ஸ்கூல் விட்டு பஸ் பிடிக்கிற நேரம்.”

“ஏசு சிலுவையில உயிரை விட்ட நேரம். அதைத்தான் இந்த மனுஷன் ஊதியிருக்காரு. அட்டையப் பாரு, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டே ஊதுறாரு.”

“பாவம்டா, சீக்கிரமா உயிர் போகட்டும்னு விடக் கூடாதா? ஏன் இந்த இழு இழுக்குறாரு?”

“வெண்டல், உன் தங்கச்சிக்குக் காது இல்லடா.”

வெண்டல் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினான். அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஒரே தட்டுதான். வீட்டில் வேறு தட்டு இல்லை. அந்தப் பெட்டியில் வேறெதையும் யாரும் போட்டுப் பார்க்கவும் இல்லை. மார்செல்லஸ் ஆளே மாறிப்போனான். நடையை மெதுவாக்கினான், பேச்சை மெதுவாக்கினான். பனி கொட்டும் நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹோம்வுட் மேட்டில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். தேவாலயத்துப் பாட்டெல்லாம் சர்க்கரைத் தண்ணி என்றான். நடனமாடக் கூப்பிட்ட பெண்ணிடம், “துக்கம் தெரிஞ்சவன் ஆட மாட்டான்” என்று சொல்லி, அவள் வேறொருத்தனோடு ஆடப் போனதும் அந்தத் துக்கத்தையும் தெரிந்துகொண்டான்.

பிப்ரவரியில் அர்லீதா துணி தேய்ப்பதற்காகக் கட்டிலை ஒழித்தாள். கட்டிலில் கிடந்த தட்டை எடுத்து, அறையைச் சூடாக்கும் கொதிக்கிற வெந்நீர்க்குழாய் மேல் வைத்தாள். அரை மணியில் அது அப்பளம்போல் வளைந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள். பைபிள்மேல் கைவைத்துச் சொல் என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். அதே மாதம் ரெக்கார்டு பெட்டியும் இருமி இருமிச் செத்துப்போயிற்று. ஊரிலுள்ள எந்தக் கடையிலும் வேறு பிரதி இல்லை. தட்டை வெளியிட்ட சின்னக் கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது.

மார்செல்லஸ் ஒரு வாரம் சாப்பிடவில்லை. ஆனால் அவனுடைய வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டம் அதுதான். கண்ணில் படாத சாமிக்குத்தானே பூசாரி தேவைப்படுகிறான்!

அப்புறம் அவன் படித்தான், உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாரானான், அர்லீதாவைக் கட்டிக்கொண்டான். அவள் ஏன் சம்மதித்தாள் என்று கேட்டால், “பார்க்க நல்லாயிருந்தான். தனக்கே தெரியாம சிரிப்புக் காட்டுவான்” என்பாள். கல்லூரி வானொலி ஒன்றில் ஞாயிறு மதியம் ஜாஸ் நிகழ்ச்சி நடத்த அவனுக்கு இடம் கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெரிய வெள்ளியன்று, சிறப்பு நிகழ்ச்சி: ‘நான் கேட்ட ராஸ்பெரி’. ஒரு மணி நேரம் அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவான். தட்டு இல்லாததால் ஒரு சுரம்கூடப் போட முடியாது. வெறும் பேச்சுதான். கேட்பவர்கள் அழுவார்கள்.

வருஷம் ஏற ஏறக் கதையும் ஏறியது. ராஸ்பெரி பாரிசுக்குப் போய்க் கணப்பு இல்லாத அறையில் மனமுடைந்து செத்துப்போனார் என்று மதுக்கடையில் எவனோ சொன்னான். முதல் வருஷம் “சொல்கிறார்கள்” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டான். அடுத்த வருஷம் அந்த வார்த்தை உதிர்ந்துவிட்டது. பணக்காரப் பேட்டையிலிருந்து ஒரு பேராசிரியரின் மனைவி அழுதபடி ஃபோன் செய்து, மறுநாள் கேக் ஒன்றும் கொடுத்தனுப்பினாள். கேக்கை அர்லீதா சாப்பிட்டாள்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே எதையாவது முணுமுணுத்தால் மார்செல்லஸ் ஒரு விரலை உயர்த்துவான். சிநேகிதர்கள் வேறு ஜாஸ் தட்டு எதையாவது கேட்க வந்தால், “அர்லீதா பிரமாதமாச் சமைப்பா” என்று அறிமுகம் செய்து அடுக்களைப் பக்கம் காட்டுவான். போகப்போக அவளே நம்பிவிட்டாள். தேவாலயப் பாடகர் குழுவில் கடைசி வரிசைக்குப் போய் உதட்டை மட்டும் அசைத்தாள்.

1989 வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெண்டல் ஒரு நோட்டீசை ஆட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தான். முடிவெட்டும் கடைச் சுவரிலிருந்து கிழித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹோம்ஸ்டெட்டில், ஒரு தேவாலயத்துக் கூரை பழுதுபார்க்க வெள்ளிக்கிழமை மதியம் மீன் வறுவல் விருந்து. கீழே சின்ன எழுத்தில்: இசை – க்ளீவன் ராஸ்பெரியும் நண்பர்களும்.

மார்செல்லஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். “போலி.”

“பேரு அதேதானேடா?”

“ராஸ்பெரி பாரிஸ்ல செத்துட்டாரு. எவனோ அவர் பேரை வெச்சு மீன் விக்கிறான்.”

“செத்தவரு வந்து மீன் பொரிச்சா என்ன, உயிரோட இருக்கறவன் பொரிச்சா என்ன?” என்றாள் அர்லீதா. “வெள்ளிக்கிழமை நான் சமைக்கல. மூணு பேரும் போவோம்.”

போனார்கள். மார்செல்லஸ் கறுப்புத் தொப்பியும் கழுத்துவரை ஏறிய கறுப்புச் சட்டையும் போட்டு வந்தான். பாலத்தைத் தாண்டியதும் மூடிக் கிடக்கும் எஃகு ஆலை வந்தது. புகைபோக்கிகள் வேலையில்லாமல் நின்றன. தேவாலயத்துக் கூடத்தில் எண்ணெய் வாசனை. வாசல் மேசையில் கம்பீரமான ஒரு அம்மாள் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் மார்செல்லஸ் டூலி,” என்றான் மார்செல்லஸ், வானொலிக் குரலில். “ராஸ்பெரின்னு சொல்லிக்கிறவரைப் பார்க்கணும்.”

அந்த அம்மாளின் கையிலிருந்த சீட்டு கீழே விழுந்தது. “க்ளீவன்! சட்டியை அணைச்சுட்டு ஓடி வா! உன்னைச் சாகடிச்சவரு வந்திருக்காரு!”

உள்ளேயிருந்து அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க, தொந்தி சரிந்த ஒரு மனிதர் மாவுக் கையோடு வந்தார். ஏப்ரன் கட்டியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அந்தக் குரலேதான்! வாங்க தம்பி, வாங்க. இது என் சம்சாரம் ஐடெல். வருஷம் தவறாம நாங்க குடும்பத்தோட உக்காந்து கேப்போம்.”

“என்ன தம்பி, இந்த வருஷம் பாரிஸ்ல ஜன்னலையே காணோம்?” என்றாள் ஐடெல். “போன வருஷம் ஜன்னல் வழியா பனி விழுந்துச்சுன்னீங்களே!”

மார்செல்லஸ் தொப்பியைக் கழற்றினான். “நீங்க… பாரிசுக்குப் போகலையா?”

“ஒரு தடவை கிளீவ்லாண்டு வரைக்கும் போயிருக்கேன். பிடிக்கல. முப்பது வருஷம் இந்த ஆலைலதான் கிடந்தேன், அவன் மூடுற வரைக்கும்.”

“ஒரு ஃபோன் பண்ணி, உயிரோடதான் இருக்கேன்னு சொல்லியிருக்கலாமே?”

“எதுக்குக் கெடுக்கணும்? நான் செத்த கதையக் கேட்டுத்தான் என் மாமியா எனக்காக முதல் தடவையா அழுதாங்க. நான் பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திருந்தேன். ‘நல்ல மனுஷன்’னாங்க. உயிரோட இருக்கறப்ப அந்த வார்த்தையக் கேட்டதே இல்ல தம்பி.”

வெண்டல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

சாப்பாடு ஆனதும் ராஸ்பெரி கையைக் கழுவிவிட்டு மேடையேறினார். அவர் எடுத்தது சின்ன சாக்ஸபோன். “இது அந்தக் காலத்துல நான் போட்ட தட்டுல உள்ளது,” என்று சொல்லிவிட்டு ஊதினார்.

அர்லீதாவுக்கு முதலில் புரியவில்லை. இதுவா அது? சிட்டுக்குருவிக் கூட்டத்தில் கல்லெறிந்ததுபோல் சுரங்கள் பறந்தன. ஒன்று இன்னொன்றைத் துரத்தியது, பிடித்தது, விட்டுவிட்டு ஓடியது. பின்னால் தாளக்காரன் சம்பள நாளில் வீட்டுக்கு ஓடுகிறவன்போல் அடித்தான். அவள் மீன் தட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள். தான் எழுந்தது அவளுக்கே தெரியாது. இடுப்பு அதுவாகப் போயிற்று, கால் பின்னாலேயே போயிற்று. பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். கூடத்தில் பாதிப் பேர் ஆடினார்கள். நாற்பத்தோரு வயதில் அர்லீதா வியர்த்து, மூச்சிரைத்து, தலைமுடி கலைந்து ஆடினாள்.

கைதட்டல் அடங்கியபோது மார்செல்லஸ் எழுந்து நின்றான்.

“ஐயா, நீங்க இதைத் தப்பா வாசிக்கிறீங்க.”

ஆடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்படியா? எந்த இடத்துல தம்பி?” என்றார் ராஸ்பெரி, உண்மையான அக்கறையோடு.

“எல்லா இடத்துலயும். தட்டுல நீங்க பெரிய சாக்ஸபோன் வாசிச்சீங்க. மெதுவா. கிறிஸ்து உயிரை விடுற அந்த மூணு மணியை…”

“பெரிய சாக்ஸபோனைக் கையால தொட்டதில்லையே நான். அப்புறம், மூணு மணின்னா பகல் ஷிஃப்ட் விடுற நேரம் தம்பி. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குச் சம்பளம். சம்பளக் கவர் கைல வந்தா மனுஷன் எப்படி நடப்பான்? அதைத்தான் ஊதினேன்.”

“அட்டையில கண்ணை மூடி ஜெபம் பண்றீங்களே?”

“ஃப்ளாஷ் அடிச்சான், கண்ணு மூடிக்கிச்சு. இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். ஃபிலிம் தீந்துபோச்சுன்னுட்டான் பாவி.”

அதற்குள் ஐடெல் எழுந்துவிட்டாள். “எதுக்கு வாக்குவாதம்? தட்டுதான் கட்டுக்கட்டா இருக்கே. கம்பெனிக்காரன் கூலிக்குப் பதிலா அதைத்தானே குடுத்துட்டுப் போனான்.” எதிர்சாரியிலேயே வீடு. துணி துவைக்கும் இயந்திரம் ஆடாமலிருக்க அடியில் கொடுத்திருந்த கட்டிலிருந்து, நல்லதாக ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வருஷமாக மார்செல்லஸ் தேடிய தட்டு சோப்பு வாசனையோடு வந்து சேர்ந்தது.

ஞாயிறு பள்ளிக்கூடத்து ரெக்கார்டு பெட்டியில் போட்டார்கள். அதே சிட்டுக்குருவிகள். மேடையில் கேட்டதற்கு ஒரு இழை குறையவில்லை.

“இது வேற பதிப்பு,” என்றான் மார்செல்லஸ். அவன் குரலில் வானொலி போய்விட்டிருந்தது.

வெண்டல் நெற்றியைச் சொறிந்துகொண்டு பெட்டியருகே போனான். “டேய் மார்செல்லஸ், அந்த அடகுக் கடைப் பெட்டி ஞாபகம் இருக்கா? மோட்டார் திணறி, தொட்டா அடுப்பு மாதிரிச் சுடுமே?” என்றபடி, சுழலும் தட்டின் விளிம்பில் ஒரு விரலை லேசாக வைத்தான். தட்டு தயங்கியது. குருவிகள் தரையில் விழுந்தன. கனமான, தடித்த முனகல் ஒன்று கூடமெங்கும் பரவியது.

மார்செல்லஸின் கண்கள் நிரம்பிவிட்டன. “இதுதான்!” என்று கத்தினான். “இதுதான் அது! கேட்டீங்களா?”

ராஸ்பெரி தலையைச் சாய்த்துக் கேட்டார். “யாரு தம்பி இந்த மாடு?”

அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? பாதிரியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். தாளக்காரன் நாற்காலியோடு சாய்ந்தான். ஐடெல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். வெண்டல் விரலை எடுப்பதும் வைப்பதுமாக, குருவி, மாடு, குருவி, மாடு என்று காட்டிக்கொண்டேயிருந்தான். சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் மார்செல்லஸ். மற்றவள் அர்லீதா.

வீடு திரும்பும்போது வெண்டல் வண்டியோட்டினான்; பின் சீட்டில் மார்செல்லஸும் அர்லீதாவும். பாலத்தில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

“காது இல்லாதவ நானா?”

“அர்லீதா, அப்ப நமக்கு எப்படித் தெரியும்…”

“எனக்குத் தெரிஞ்சுது! வயித்து வலின்னேன். பதினஞ்சு வயசுல கரெக்டாச் சொன்னேன். இருபத்தாறு வருஷம் என்னை அடுக்களைல வெச்சுட்டு ஊரைக் கூட்டி இந்த மாட்டுக் கதையைக் கேக்க வெச்சிருக்க. கோயில்ல வாயைத் திறக்கப் பயந்து நின்னேனே! யோவ், அந்த ஆட்டத்தை நான் இருபது வயசுல ஆடியிருக்க வேண்டியதுய்யா!”

“நானும்தான் அவன்கூடச் சேந்து தலையாட்டினேன்…” என்று முன் சீட்டில் வெண்டல் மெல்ல இழுத்தான்.

“நீ வண்டியை ஓட்டு. உனக்கு வீட்ல வெச்சிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மார்செல்லஸ் நிகழ்ச்சியை விட்டுவிடுவான் என்று அர்லீதா நினைத்தாள். மார்செல்லஸை அவளுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, மெதுவான பழைய குரலில் அவன் சொன்னான்: ராஸ்பெரி உயிரோடு இருக்கிறார், ஆனால் தன் இசைக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பது அவருக்கே தெரியாது. அவசரத்தின் அடியில் புதைந்து கிடந்த துக்கத்தை, ஹோம்வுட் மாடியறை ஒன்றில் இரண்டு ஏழைப் பையன்களும் ஒரு பழுதான பெட்டியும்தான் தோண்டி எடுத்தார்கள். பிறகு தட்டை விரல் வைத்து ஓட்டிக் காட்டினான். வானொலி நிலையத் தொலைபேசி ஓயவேயில்லை.

இலையுதிர் காலத்துக்குள் ஒரு பல்கலைக்கழகம் அவனைச் சொற்பொழிவுக்குக் கூப்பிட்டது. நியூயார்க்கிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் ஹோம்ஸ்டெட்டுக்கு வந்து, அதே பாட்டுகளைப் பெரிய சாக்ஸபோனில் மெதுவாக வாசித்துத் தரமுடியுமா என்று ராஸ்பெரியைக் கேட்டான். அர்லீதா கொதித்துப்போய் அவரைப் பார்க்க ஓடினாள்.

“மாட்டேன்னு சொல்லுங்க!”

“ஏம்மா சொல்லணும்?” என்றார் அவர், மீனுக்கு மாவு தடவிக்கொண்டே. “ஆலைல முதலாளி சொன்ன வேகத்துல முப்பது வருஷம் வேலை செஞ்சேன். இவன் மெதுவாச் செய்யச் சொல்றான். இந்த வயசுல இது நல்ல வேலை இல்லையா?”

புதுத் தட்டு வந்தது. அட்டையில் அவர் கண்களை மூடியிருந்தார். இந்தத் தடவை சொல்லி மூட வைத்தார்கள். பின்பக்கத்தில் மார்செல்லஸின் நீண்ட கட்டுரை. வெளியீட்டு விழாவில் பல்கலைக்கழகக் கூடம் நிரம்பியிருந்தது. கறுப்புச் சட்டைக்காரர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவது பாட்டில் ராஸ்பெரிக்கே கண் சொக்கியது.

கடைசி வரிசையிலிருந்து அர்லீதா எழுந்தாள். கோயிலில் இருபது வருஷம் அடக்கி வைத்த குரல் மொத்தமும் அப்போது வெளியே வந்தது: “சங்கு ஊதியாச்சு பெரியவரே! ஷிஃப்ட் முடிஞ்சுது!”

ராஸ்பெரி விழித்தார். பெரியதைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிக்கு அடியிலிருந்து சின்னதை எடுத்தார். அர்லீதா நடைபாதையில் ஆடினாள், ஐடெல் ஆடினாள், துப்புரவு வேலைக்கு வந்த ஒரு பெண்மணி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து சேர்ந்தாள். முன் வரிசைப் பேராசிரியர் மார்செல்லஸின் பக்கம் குனிந்து, “பாவம், அவருக்கே அவர் புரியவில்லை” என்றார். மார்செல்லஸ் வருத்தத்தோடு தலையசைத்தான். மறுநாள் பத்திரிகைகள் புதுத் தட்டைப் புகழ்ந்தன. விழாவின் முடிவில் நேர்ந்த கூச்சலைக் கண்டித்தன.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியங்களில் அர்லீதா வீட்டில் இருப்பதில்லை. வெண்டல் வண்டியோட்டுகிறான், அது அவனுக்கு அவள் கொடுத்த தண்டனை. தேவாலயக் கூரைக்கு எப்போதோ ஓடு மாற்றியாகிவிட்டது, ஆனாலும் மீன் வறுவல் நிற்கவில்லை. பாடகர் குழுவில் அவள் முன் வரிசைக்கு வந்துவிட்டாள். அவளுடைய குரல் உண்மையிலேயே சுமார்தான். யாரும் அதை அவளிடம் சொல்லத் துணியவில்லை.

அடுத்த வருஷம் மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் கிளம்பும்போது மார்செல்லஸ் தொப்பியில்லாமல் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“மீனுக்காகத்தான் வர்றேன்,” என்றான்.

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

கூடத்தில் வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஐடெல் அவனுக்கு இரண்டு துண்டு அதிகமாகவே வைத்தாள். வாசிப்பு தொடங்கியது. மேசைக்கடியில் அவன் கால் என்ன செய்தது என்று வெண்டல் குனிந்து குனிந்து பார்த்து, அர்லீதாவுக்குச் சைகை காட்டினான். அவள் கவனிக்கவில்லை. பணி ஓய்வு பெற்ற ஒரு உருக்காலைக்காரர் அவளைச் சுழற்றிவிட்டிருந்தார்; அவள் இன்னும் நிற்கவில்லை.